தேய்ந்த பிளக் குடிக்கும் பெட்ரோல்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ, ராம் 1500 ஆகியவை அங்கே தச்சர், விவசாயி, கட்டட ஒப்பந்தக்காரர், விடுமுறையில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும் குடும்பத்தலைவர் என எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்பவை. பலவற்றில் ஐந்து லிட்டரைத் தாண்டிய வி8 எஞ்சின், இரண்டு டன்னைத் தாண்டிய எடை. பதினைந்து, இருபது ஆண்டு பழைய வண்டி என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆறரைக் கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. இப்படிக் குடிக்கும் வண்டியை வைத்திருப்பவர் மைலேஜைப் பற்றி ஓயாமல் யோசிக்கத்தான் செய்வார். அந்த யோசனை பல நேரம் விரல் நீளமுள்ள ஒரு பொருளில் வந்து நிற்கும். அதுதான் ஸ்பார்க் பிளக்.

புது பிளக் போட்டால் மைலேஜ் கூடுமா? நல்ல நிலையில் இருக்கும் பிளக்கைக் கழற்றிவிட்டு எத்தனை விலையுயர்ந்த பிளக்கைப் போட்டாலும் கூடாது. தேய்ந்துபோன பிளக்கைக் கழற்றினால், அது இத்தனை நாள் வீணாக்கிவந்த பெட்ரோல் மிச்சமாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை விளம்பரங்கள் வேண்டுமென்றே மங்கலாக்கிவிட்டன. அதைத் தெளிவாக்கிக்கொள்ள, சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பிஸ்டன் மேலேறி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அதன் பழைய கனஅளவில் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. அது உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே, பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்கின் நடு மின்முனைக்கு அனுப்புகிறது. நடு முனைக்கும் வளைந்த வெளி முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. மெக்கானிக்குகள் ‘கேப்’ என்பது இதைத்தான். வாயு சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. மின்னழுத்தம் போதுமான அளவு ஏறியதும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, அந்த ஒரு மில்லிமீட்டர் வாயு பிளாஸ்மாவாகிறது. பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் ஒரு சிறு நெருப்புக் கரு அங்கே பிறக்கிறது.

இதற்குப் பிறகு பிளக்குக்கு வேலை இல்லை. அந்தக் கரு வளர்ந்து சுடராகி, சிலிண்டர் முழுவதும் பரவ வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் எஞ்சினில் இந்தப் பரவலுக்குக் கிடைக்கும் நேரம் சில மில்லிவினாடிகள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கும்போது, அதாவது கிராங்க் எட்டு, பத்து டிகிரி திரும்பியிருக்கும்போது, பாதி எரிபொருள் எரிந்து முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் வெப்பம் முழு உந்துதலாக மாறும். கரு தாமதமாக வளர்ந்தால் எரிதலும் தாமதமாகும். பிஸ்டன் ஏற்கனவே கீழே ஓடிக்கொண்டிருக்க, பின்தங்கி எரியும் பெட்ரோல் சக்கரத்தைத் தள்ளாமல் சைலன்சரைச் சூடாக்கிவிட்டு வெளியேறும்.

இந்தக் கரு முதல் சில நொடித்துளிகளில் பலவீனமானது. பெருங்காற்றில் பற்றவைக்கும் தீக்குச்சிபோல, அப்போதே அணைந்துவிடும் வாய்ப்பு அதிகம். அணைக்கக் காத்திருப்பதில் முதன்மையானது மின்முனையின் உலோகமே. அது சுடரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தடித்த முனை அதிகமாக உறிஞ்சும், மெல்லிய முனை குறைவாக உறிஞ்சும். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் கரு இரண்டு உலோகங்களுக்கு நடுவே சிக்கி மூச்சுத் திணறும். அகலமானால் கரு பெரிதாகப் பிறக்கும். ஆனால் அந்த இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும். பிளக் வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் இந்த இழுபறியில் அடங்கியிருக்கிறது.

இடைவெளி அப்படியே நிற்பதும் இல்லை. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1000 முறை பொறி விடுகிறது. சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 1,60,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒரு பிளக் 16 கோடிப் பொறிகளை விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கூர்விளிம்புகள் மழுங்குகின்றன, நடு முனை உருண்டைத் தலையாகிறது, கேப் அகல்கிறது. கூர்மையான விளிம்பில் மின்புலம் குவியும் என்பதால் பொறி எளிதாகத் தாவும். மழுங்கிய முனையில் அந்த வசதி போய்விடும். ஆக, தேய்மானம் இரண்டு வழியில் வோல்ட் தேவையை ஏற்றுகிறது. காயில் கொடுக்கக்கூடிய உச்ச அளவை அந்தத் தேவை தாண்டும் நொடியில் பொறியே விழாது. நம் ஊர் ஓட்டுநர்கள் ‘மிஸ் அடிக்குது’ என்பார்களே, அது இதுதான்.

இங்கேதான் பிக்கப் வண்டிக்கும் சிறிய காருக்கும் வேறுபாடு வருகிறது. ஒரு வாயுவில் பொறி தாவத் தேவையான வோல்ட், இடைவெளியின் அளவையும் வாயுவின் அடர்த்தியையும் சேர்த்துப் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-இல் கண்டறிந்த விதி இது. சமதளத்தில் வெறும் வண்டி போகும்போது ஆக்ஸிலரேட்டர் லேசாகத்தான் மிதிபட்டிருக்கும். சிலிண்டருக்குள் வரும் கலவை குறைவு, நெருக்கமும் குறைவு, பொறிக்கு வேலை எளிது. அதே வண்டி மூன்று டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது த்ராட்டில் முழுதாகத் திறந்து கலவை அடர்த்தியாக உள்ளே பாய்கிறது. பிளக்குக்கு வேண்டிய வோல்ட் ஒரேயடியாக உயர்கிறது. அதனால் தேய்ந்த பிளக் முதலில் காட்டிக்கொடுப்பது ஏற்றத்தில்தான், சுமையோடுதான். பிக்கப் பிறந்ததே அந்த வேலைக்கு. டர்போ பொருத்திய ஃபோர்டு ஈகோபூஸ்ட் போன்ற எஞ்சின்களில் காற்று இன்னும் நெருக்கித் திணிக்கப்படுவதால், அவற்றின் பிளக்குகளுக்குத் தொழிற்சாலையிலேயே குறுகலான கேப் வைக்கிறார்கள்.

இனி மைலேஜ் கணக்குக்கு வரலாம். வி8 எஞ்சினில் ஒரு பிளக் முழுக்கச் செத்துவிட்டது என்று வையுங்கள். அந்த சிலிண்டருக்குப் போகும் பெட்ரோல், அதாவது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, அப்படியே வெளியேறும். லிட்டருக்கு 6.4 கிலோமீட்டர் தந்த வண்டி 5.6-க்கு இறங்கிவிடும். இந்த அளவு கெட்டால் எஞ்சின் குலுங்கும், யாருக்கும் தெரிந்துவிடும். ஏமாற்றுவது அரைகுறை நோய். ஒரே ஒரு சிலிண்டர் நூற்றுக்குப் பத்து முறை மட்டும் தவறுகிறது என்றால் நேரடி இழப்பு எண்பதில் ஒரு பங்கு, ஒன்றேகால் சதவீதம். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் நேரடி இழப்போடு கதை முடியவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் கவலை தரும் பகுதி இனிமேல்தான். இன்றைய எஞ்சின்களில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது அதன் இலக்கு. அந்த இலக்கு சரியாக நிறைவேறுகிறதா என்று சொல்வதற்குப் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் ‘காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை’ என்று அது தகவல் அனுப்பும். பொறி தவறிய சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் எரிக்கப்படாத காற்றும் சேர்ந்தே வெளியே வருகின்றன. சென்சாருக்கு ஆக்சிஜனைத்தான் பார்க்கத் தெரியும். அதனால், பெட்ரோல் வீணாகிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், பெட்ரோல் போதவில்லை என்று அது கணினிக்குச் சொல்கிறது. கணினியும் நம்பி அதிகமாகத் தெளிக்கிறது. வி8 எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் கொண்ட இரண்டு வரிசைகள், வரிசைக்கு ஒரு சென்சார். ஆகவே ஒரு பிளக்கின் கோளாறுக்காக, ஒழுங்காக எரியும் மற்ற மூன்று சிலிண்டர்களும் கூடுதல் பெட்ரோலை விழுங்க நேர்கிறது.

எரியாமல் போன பெட்ரோல் அடுத்துச் சேரும் இடம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சூடான அந்த பீங்கான் தேன்கூட்டுக்குள் அது எரிந்து, கூட்டையே உருக்கிவிடும். உருகிய கூடு புகையின் வழியை அடைக்கும். அடைப்பு எஞ்சினை மூச்சுமுட்ட வைக்கும், மைலேஜ் இன்னும் இறங்கும். சில டாலர் பிளக்கைத் தள்ளிப்போட்டவருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் செலவு வருவது இப்படித்தான். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் மிஸ்ஃபயரை, அதாவது பொறி தவறுவதை, பெரும்பாலும் கிராங்க் சுழற்சியின் நுண்ணிய தடுமாற்றத்தை அளந்து கண்டுபிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டதற்கு இந்தக் கன்வெர்ட்டரும் ஒரு காரணம். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று பொருள். விட்டுவிட்டுச் சிமிட்டினால் கன்வெர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது, காலை எடுங்கள் என்று பொருள்.

அப்படியானால் மிகச் சிறந்த பிளக் ஒன்று மிகச் சிறந்த மைலேஜைத் தராதா? தராது, அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சூடேறிய, ஒழுங்கான பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் எரிபொருளில் 95 முதல் 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. மிஞ்சும் சொற்பமும் பொறியின் குறையால் மிஞ்சுவதில்லை. பிஸ்டன் வளையங்களின் சந்துகளில், குளிர்ந்த சுவர் ஓரத்தில், சுடர் நுழைய முடியாத இடங்களில் ஒளிந்துகொள்வதுதான் அது. பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பங்கு வீணாவது உண்மை. ஆனால் எரிந்த பிறகு, ரேடியேட்டர் வழியாகவும் புகை வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. பிளக்கை மாற்றி அதைப் பிடிக்க முடியாது. தவறாமல் விழும் பொறி ஒரு கலவையைப் பற்றவைத்துவிட்டால், அதைவிட வலுவான பொறிக்கு அங்கே செய்ய எதுவும் மிச்சமில்லை.

இந்தக் கணக்கு தெரியாதவர்களிடம் பணம் பறிப்பது எளிது. 1990-களில் அமெரிக்காவில் ஸ்பிளிட்ஃபயர் என்ற பிளக் பெரிய அளவில் விளம்பரமானது. அதன் வெளி முனை நாக்குபோல இரண்டாகப் பிளந்திருக்கும். சாதாரண பிளக்கைவிட மைலேஜும் குதிரைத்திறனும் கூடும் என்றது விளம்பரம். அந்தக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 1997-இல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்து, ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டது. இரண்டு, மூன்று, நான்கு வெளி முனைகள் வைத்த பிளக்குகளிலும் ஒரு நேரத்தில் ஒரு பொறிதான் விழும். மின்சாரம் எது எளிய வழியோ அதில் மட்டும் தாவும். பல முனைகளால் தேய்மானம் பங்கிடப்பட்டு ஆயுள் நீளலாம். நெருப்பு நான்கு மடங்காகாது.

இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அவை ஏமாற்று இல்லை, அருமையான பொறியியல். நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். பொறியின் அரிப்பைத் தாங்கும் உலோகம் என்பதால் இரிடிய முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்க முடிகிறது. நிக்கல் முனைக்கு இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். மெல்லிய முனையில் குறைந்த வோல்ட்டில் பொறி தாவும், சுடரின் கருவும் குளிராது. ஆனால் உண்மையான லாபம் ஆயுளில் இருக்கிறது. இரிடியம் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தன் கேப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். முதல் நாளில் புது நிக்கல் பிளக்கும் புது இரிடியம் பிளக்கும் தரும் மைலேஜில் வேறுபாடு தேடினால் கிடைக்காது. நிக்கல் தேய்ந்துபோன நாளில் இரிடியம் இன்னும் புதிதுபோல இருக்கும். சேமிப்பு அங்கேதான்.

ஆயுள் நீண்டதில் ஒரு புதுத் தொல்லையும் முளைத்தது. 2004 மாடல் எஃப்-150 வண்டியின் 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 எஞ்சினுக்கு ஃபோர்டு வழக்கத்துக்கு மாறான நீண்ட பிளக் ஒன்றை வைத்தது. அதன் கீழ்ப்பகுதி தனிக் குழாயாகச் செய்து மேல்பகுதியோடு பொருத்தப்பட்டது. 1,60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றது வழிகாட்டி நூல். அத்தனை தூரம் ஓடுவதற்குள் அந்தக் குழாயைச் சுற்றிக் கரி இறுகிவிடும். கழற்றும்போது மேல்பாதி கையோடு வர, கீழ்க்குழாய் எஞ்சின் தலைக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். ஃபோர்டே பின்னர் மெக்கானிக்குகளுக்குத் தனிக் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது: கொஞ்சம் மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி ஊறவைத்து, முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பிக் கழற்றவும். ஒடிந்ததை எடுக்கவென்றே தனிக் கருவிகள் சந்தைக்கு வந்தன. ஒடிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்கள் தேய்ந்த பிளக்கோடு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பாகம் நெடுநாள் உழைத்தால் மட்டும் போதாது, எளிதாகக் கழற்றவும் வர வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். ராம் வண்டியின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக 16 பிளக்குகள். அதன் ஆரம்ப மாடல்களில் 30,000 மைலுக்கு ஒருமுறை பதினாறையும் மாற்ற வேண்டும். அங்கும் தள்ளிப்போடத் தூண்டும் வேலைதான்.

பிளக் மாற்றிய மறுவாரமே ‘லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கூடிவிட்டது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அளந்த விதம் போதாது, அவ்வளவுதான். ஒரு டேங்குக்கும் மறு டேங்குக்கும் காற்று, வெயில், சுமை, வேகம் எல்லாம் மாறிவிடும். 25 டிகிரி வெயில் நாளோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரிக் குளிரில் நகர ஓட்டத்தின் மைலேஜ் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. டயர் காற்று குறைந்தாலும் மைலேஜ் சரியும். இத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு சதவீத மாற்றத்தைப் பிரித்தறிய ஒரே டேங்க் போதாது. மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பல டேங்குகளுக்கு, ஒரே பம்பில் நிரப்பி, ஒரே பாதையில் ஓட்டிக் குறித்துவைத்தால்தான் எண் பேசும். கணக்கில் தெரியும் அளவு மைலேஜ் கூடினால் பழைய பிளக் மோசமாக இருந்தது என்று பொருள். கூடாவிட்டால் அது நன்றாகவே இருந்தது.

கழற்றிய பிளக்கே இதற்குச் சாட்சி சொல்லும். நுனிப் பீங்கான் வெளிர்ப் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எரிதல் ஒழுங்கு. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே நின்றுவிடும் குறுந்தூர ஓட்டம். பிளக்கின் நுனி ஏறத்தாழ 500 டிகிரியைத் தொட்டால்தான் கரியைத் தானே எரித்துத் துடைத்துக்கொள்ளும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால், கேப்பைத் தாவ வேண்டிய மின்சாரம் பீங்கான் மேலேயே வழிந்துபோய்விடும். எண்ணெய் மினுங்கினால் கோளாறு பிஸ்டன் வளையத்திலோ வால்விலோ இருக்கிறது. புது பிளக் அதைக் குணப்படுத்தாது. நுனி வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

தமிழ்நாட்டில் ஓடும் பொலேரோ பிக்கப் போன்றவை பெரும்பாலும் டீசல். டீசல் எஞ்சினில் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனால் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் குட்டியானை, சூப்பர் கேரி போன்ற சிறு சரக்கு வண்டிகள் இப்போது சந்தைகளிலும் தெருக்களிலும் நிறைய ஓடுகின்றன. அவற்றுக்கு மேலே சொன்ன அடிப்படைகள் எல்லாமே பொருந்தும். சிஎன்ஜியில் ஒரு படி கூடுதலாகவே பொருந்தும். வாயு எரிபொருளில் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும், தேய்மானமும் விரைவு.

அன்றாடம் சுமை ஏற்றி அதில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு ஒன்றேகால் சதவீதமும் பணம்தான். அதனால் கேட்டுக்கொள்கிறேன்: விளம்பரத்தைப் பார்த்து பிளக் மாற்றாதீர்கள், வண்டியின் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றுங்கள், கையேடு சொல்லும் ரகத்தையே போடுங்கள். கழற்றும் பிளக்குகளை எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்ற வரிசையிலேயே வைக்கச் சொல்லி ஒருமுறை கண்ணால் பாருங்கள். இரிடியம் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்ட மெக்கானிக் அண்ணன் கையெடுத்தால் தடுத்துவிடுங்கள். அந்த முனை அரை மில்லிமீட்டர்தான், ஒரு தேய்ப்பில் போய்விடும்.